யார் குற்றம் என்று கேட்காத விவாகரத்து: தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எளிமையாகப் புரிந்துகொள்வோம்

"அவர் கையெழுத்தே போடமாட்டேன் என்கிறார். அப்போ எனக்கு விவாகரத்து கிடைக்காதா?"

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், லெனேசியா என்று தமிழ்க் குடும்பங்கள் வாழும் எந்த ஊரிலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் பெரும்பாலும் பெண். சில நேரம் மகளுக்காகக் கேட்கும் அம்மா. பதில் சுருக்கமானது: கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் விவாகரத்துக்கு எதிர்த்தரப்பின் சம்மதம் தேவையில்லை. அவர் தப்பு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. இந்த உறவு இனிமேல் சரியாக வாய்ப்பு இருக்கிறதா, இல்லையா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சட்ட விஷயங்களை ஆங்கிலத்தில் படித்துக்கொள்வார்கள். தமிழில் படித்தால்தான் மனதில் ஏறும் என்கிற பெரியவர்களும், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறியவர்களும் அரைகுறையாகக் கேள்விப்பட்டதை நம்பி வருடக்கணக்கில் தவிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் கேட்பது என்ன

1979ஆம் ஆண்டின் 70ஆம் எண் விவாகரத்துச் சட்டம்தான் இங்கே அடிப்படை. அந்த வருடம் ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முக்கியமான காரணமாக அது சொல்வது மீட்க முடியாத முறிவு. வக்கீல்கள் 'இர்ரிட்ரீவபிள் பிரேக்டவுன்' என்பார்கள். இயல்பான இல்லற வாழ்க்கை மறுபடி திரும்ப நியாயமான வாய்ப்பு எதுவும் இல்லை என்கிற அளவுக்கு உறவு சிதைந்துவிட்டது என்று நீதிபதிக்குத் தெரிந்தால் போதும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 1970 முதல் 'இணக்கம் காண முடியாத வேறுபாடுகள்' என்று ஒரு காரணத்தை ஏற்றுக்கொண்டது. சினிமா நட்சத்திரங்களின் விவாகரத்துச் செய்திகளில் அடிக்கடி வருவது அதுதான். தென்னாப்பிரிக்கச் சட்டமும் அதே வழியில்தான் வந்தது.

அதற்கு முன்னால் நிலைமை கடுமையாக இருந்தது. பழைய ரோமன்-டச்சு சட்டப்படி இரண்டே காரணம்: ஒன்று, துணைவர் வேறொருவரோடு உறவு வைத்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே கைவிட்டுப் போயிருக்க வேண்டும். 1935இல் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: ஏழு வருடம் நீடித்த, குணமாகாத மனநோய்; திரும்பத் திரும்பக் குற்றம் செய்யும் 'வழக்கமான குற்றவாளி' என்று அறிவிக்கப்பட்டவர் ஐந்து வருடம் சிறையில் இருப்பது. இரண்டு பேருமே பிரிய விரும்பினாலும் யாராவது ஒருவர் குற்றவாளியாக நிற்க வேண்டும். அதனால் ஒருவர் வீட்டை விட்டுப் போவார், மற்றவர் நீதிமன்றத்துக்குப் போவார். 'இந்தத் தேதிக்குள் திரும்பி வந்து குடும்பம் நடத்து' என்று நீதிமன்றம் உத்தரவு போடும். போனவர் வரமாட்டார். அதற்கப்புறம்தான் விவாகரத்து. இந்தத் திரும்பி வரச் சொல்லும் உத்தரவையே 1979 சட்டம் ஒழித்துவிட்டது. நம் பாட்டி தலைமுறைப் பெண்கள் எத்தனையோ பேர் அடியையும் அவமானத்தையும் பொறுத்துக்கொண்டு அதே வீட்டில் இருந்ததற்கு ஊர் வாய் ஒரு காரணம் என்றால், சட்டத்தின் கதவு இவ்வளவு குறுகலாக இருந்ததும் ஒரு காரணம்.

முறிவைத் தவிர வேறு இரண்டு சூழ்நிலைகளையும் இன்றைய சட்டம் தனியாகச் சொல்கிறது. துணைவர் மனநோய்க்காக இரண்டு வருடம் தொடர்ந்து மருத்துவமனையில் இருந்து, குணமாக வாய்ப்பில்லை என்றாலும், ஆறு மாதம் தொடர்ந்து நினைவில்லாமல் கிடந்து, மீள வாய்ப்பில்லை என்றாலும் விவாகரத்து கேட்கலாம். இந்த வழக்குகள் மிகக் குறைவு.

ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அதிகம் பேர் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உறவு முறிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக நீதிமன்றம் ஏற்கக்கூடிய மூன்று விஷயங்களைச் சட்டம் உதாரணமாகத் தருகிறது. வழக்குப் போடுவதற்கு முன் ஒரு வருடமாவது தொடர்ந்து கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது. துணைவர் வேறொருவரோடு உறவு வைத்திருந்து, அதற்கு மேலும் சேர்ந்து வாழ முடியாது என்று வழக்குப் போட்டவர் கருதுவது. துணைவர் வழக்கமான குற்றவாளி என்று அறிவிக்கப்பட்டுச் சிறையில் இருப்பது. இவை நிபந்தனைகள் அல்ல, எடுத்துக்காட்டுகள். மூன்றில் ஒன்றுகூட இல்லாமலே விவாகரத்து வாங்கியவர்கள் ஏராளம். குடி, சூதாட்டம், அடி உதை, பணத்தை மறைப்பது, மாதக்கணக்கில் பேச்சே இல்லாமல் இருப்பது, இல்லை ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த பாசம் ஒன்றுமே இல்லாமல் வற்றிப் போனது, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். போன மாதம் பிரிந்தவரும் வழக்குப் போடலாம்.

அப்புறம், பிரிந்து வாழ்வது என்றால் வேறு வீட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் பின்னால் ஒரு அவுட்பில்டிங் இருக்கும். சண்டை முற்றினால் ஒருவர் அங்கே போய்ப் படுப்பார். மாமியாரும் பிள்ளைகளும் முன் வீட்டில். வெளியில் பார்ப்பவர்களுக்கு ஒரே குடும்பம்தான். ஆனால் தனிச் சமையல், தனிப் படுக்கை, பேச்சு இல்லை என்றால் அவர்கள் கணவன் மனைவியாக வாழவில்லை என்று நீதிமன்றத்தில் காட்ட முடியும். வேறு வாடகை கொடுக்க வசதி இல்லை என்பதற்காக யாரும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

சரி, எதிர்த்தரப்பு "எனக்கு இன்னும் பாசம் இருக்கிறது, நான் சேர்ந்து வாழத் தயார்" என்று சொன்னால்? நீதிபதி இரண்டு பக்கமும் பார்ப்பார். இதுவரை அந்த உறவில் நடந்தது என்ன, இன்று இவர்கள் மனநிலை என்ன? ஆலோசனை மூலமோ சிகிச்சை மூலமோ கொஞ்ச கால யோசனையிலோ சமாதானம் வர நியாயமான வாய்ப்பு இருப்பதாகத் தோன்றினால் வழக்கைத் தள்ளிவைக்கலாம். ஆனால் ஒருவர் உறுதியாக விலகிவிட்டார், திரும்பும் எண்ணமே இல்லை என்றால், மற்றவர் தனியாக நின்று குடும்பம் நடத்த முடியாது இல்லையா? 1984இல் அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: முறிவு நிரூபணமாகிவிட்டால், விவாகரத்தை மறுக்க நீதிபதிக்குத் தனி உரிமை கிடையாது.

மனுவில் இந்த முறிவை எப்படி எழுதுவார்கள் தெரியுமா? பக்கம் பக்கமாக இருக்கும் என்று பலரும் பயப்படுகிறார்கள். வழக்கமாக நாலைந்து வரிதான். இருவருக்கும் இடையே பொருளுள்ள பேச்சு இல்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த அன்பும் மதிப்பும் போய்விட்டது. இன்ன மாதத்திலிருந்து கணவன் மனைவியாக வாழவில்லை. சேர்த்துவைக்கச் செய்த முயற்சி பலிக்கவில்லை. அவ்வளவுதான். அதோடு சேர்ந்த சம்மன்ஸை ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரி நேரில் கொண்டுவந்து எதிர்த்தரப்பின் கையில் கொடுப்பார். வாசலில் ஒட்டிவிட்டுப் போவதோ மாமனாரிடம் கொடுப்பதோ விவாகரத்து வழக்கில் செல்லாது. எதிர்க்க விரும்பினால் வழக்கமாக 10 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சம்மன்ஸை வாங்க மறுத்தாலும், பதிலே போடாமல் விட்டாலும் வழக்கு நிற்காது. அவர் இல்லாமலே நடக்கும்.

எதிர்ப்பில்லாத வழக்கில் விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாட்சிக் கூண்டில் ஏறி உறுதிமொழி எடுப்பீர்கள். திருமணச் சான்றிதழைக் காட்டி இது உங்களுடையதா என்பார்கள். பிள்ளைகள் எத்தனை பேர், யாரோடு இருக்கிறார்கள், உறவு ஏன் முறிந்தது, சரியாக வாய்ப்பு உண்டா என்று வக்கீல் கேட்பார். நீதிபதியும் ஒன்றிரண்டு கேட்கலாம். 2010 ஆகஸ்ட் முதல் வட்டார நீதிமன்றமான ரீஜினல் கோர்ட்டிலும் விவாகரத்து வழக்குகள் நடக்கின்றன. உயர் நீதிமன்றத்தை விடச் செலவு குறைவு. வசதி இல்லாதவர்கள் லீகல் எய்ட் அலுவலகத்தை அணுகலாம்.

குற்றம் இன்னும் எங்கே எட்டிப் பார்க்கிறது

விவாகரத்து கிடைக்குமா என்பதில் குற்றத்துக்கு இடமில்லை. ஆனால் பண விஷயத்தில் அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. துணைவருக்கு ஜீவனாம்சம் எவ்வளவு என்று முடிவு செய்யும்போது வயது, வருமானம், திருமணம் நீடித்த காலம் இவற்றோடு முறிவுக்குக் காரணமான நடத்தையையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். இன்னொன்று, சலுகை இழப்பு. திருமணம் நீடித்த காலம், முறிவின் சூழ்நிலை, பெரிய அளவிலான தவறான நடத்தை இவற்றைப் பார்த்து, திருமணத்தால் ஒருவருக்கு வரும் சொத்துப் பலன் நியாயமில்லாதது என்று தோன்றினால் அதை இழக்கச் சொல்லலாம். அதிலும் அவர் தானே சம்பாதித்துக் கொண்டுவந்ததைப் பறிக்க முடியாது. மற்றவர் கொண்டுவந்ததில் கிடைக்கும் பங்கைத்தான் தடுக்க முடியும்.

"அந்தப் பொம்பளையைக் கோர்ட்டுக்கு இழுக்கணும்" என்று கோபத்தில் சொல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணவனோடு உறவு வைத்திருந்த மூன்றாவது ஆளிடம் நஷ்டஈடு கேட்கும் வழக்கு முன்பு இருந்தது. 2015இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சக்தியையும் காசையும் சொத்துக் கணக்கிலும் பிள்ளைகள் ஏற்பாட்டிலும் செலவழியுங்கள் என்றுதான் மனதாரச் சொல்வேன். நீதிமன்றத்தில் உண்மையான போராட்டம் அங்கேதான் நடக்கிறது.

சொத்து எப்படிப் பிரியும் என்பது கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. எதுவும் போடவில்லை என்றால் எல்லாம் பொதுச் சொத்து: வீடு, கார், சேமிப்பு, கடன் உட்பட எல்லாமே இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. ஆமாம், கடனும்தான். திருமண ஒப்பந்தம் போட்டிருந்தால் அவரவர் சொத்து அவரவருக்கு. 1984 நவம்பர் 1க்குப் பிறகு போட்ட ஒப்பந்தத்தில் தனியாக விலக்கவில்லை என்றால், கல்யாணத்துக்குப் பின் வளர்ந்த சொத்தின் வித்தியாசத்தைப் பகிரும் 'அக்ரூவல்' முறை தானாகவே சேரும்.

அதையும் விலக்கிக் கையெழுத்துப் போட்ட பெண்கள் நம்மில் நிறைய. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வக்கீல் ஆபீஸில் "இங்கே போடும்மா, இங்கேயும் போடும்மா" என்று நீட்டியிருப்பார்கள். பிறகு கணவரின் கடையில் கல்லாவில் உட்கார்ந்து, கணக்கு எழுதி, சமைத்து, பிள்ளை வளர்த்து, வேலைக்காரர் சம்பளத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருப்பார்கள். முன்பெல்லாம் விவாகரத்தில் அவர்களுக்குச் சொத்தில் எதுவும் வராது. 2023 அக்டோபர் 10 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் இதை மாற்றியது. இப்படிப்பட்டவர்களும் தங்கள் உழைப்பையும் மிச்சப்படுத்திய செலவையும் காட்டி, நியாயமான பங்கைக் கேட்கலாம். தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். இந்தத் தீர்ப்பைப் பற்றித் தெரியாமல் 'நான்தான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே' என்று வெறும் கையோடு வெளியேறும் அக்காமார்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பென்ஷன் ஃபண்ட் பணத்தையும் மறக்க வேண்டாம். பங்கு உண்டென்றால் தீர்ப்பில் ஃபண்டின் பெயரோடு தெளிவாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஃபண்ட் தராது.

வழக்கு முடியும்வரை சாப்பாட்டுக்கு என்ன வழி? உயர் நீதிமன்றத்தில் விதி 43, வட்டார நீதிமன்றத்தில் விதி 58 என்ற ஏற்பாட்டின்படி இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். வீட்டில் அடி உதை இருந்தால் விவாகரத்துக்காகக் காத்திருக்கவே கூடாது. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பக்கத்து மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள், வக்கீல் இல்லாமலே கேட்கலாம்.

சிறு பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கான ஏற்பாடு திருப்தியாக இருக்கிறது என்று தெரியாமல் நீதிமன்றம் விவாகரத்துத் தராது. ஃபேமிலி அட்வகேட் என்ற அரசு அலுவலகம் அந்த ஏற்பாட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செலவில் பங்கு உண்டு, அவரவர் வசதிக்கு ஏற்றபடி.

கோயில் கல்யாணம் மட்டும் போதாது

இதுவரை சொன்னதெல்லாம் சட்டப்படி நடந்த திருமணத்துக்கு. தாலி கட்டி, மூன்று முடிச்சுப் போட்டு, ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டாலும், பூசை செய்தவர் அரசு நியமித்த திருமண அதிகாரியாக இல்லாமலோ, பதிவேட்டில் கையெழுத்து இல்லாமலோ போனால், விவாகரத்துச் சட்டத்தின் கண்ணில் அங்கே திருமணமே நடக்கவில்லை.

இந்த மண்ணில் இது நமக்குப் பழைய காயம். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்கின்படி நடந்த திருமணங்கள் இங்கே செல்லாது என்று அதற்குப் பொருள். முஸ்லிம், இந்துக் குடும்பங்களின் மனைவிமார்கள் ஒரே நாளில் சட்டத்தின் முன் மனைவி இல்லை என்று ஆனார்கள். அந்த வருடச் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் திரண்டு சிறைக்குப் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த நம் தில்லையாடி வள்ளியம்மை சிறையில் உடல் நலிந்து, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அந்த வருடமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம், ஒரு மனைவியோடான திருமணத்தைப் பதிவு செய்யவும், நம் பூசாரிகளைத் திருமண அதிகாரிகளாக நியமிக்கவும் வழி செய்தது. அத்தனை விலை கொடுத்து வாங்கிய அந்தக் கையெழுத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள் என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லத் தோன்றுகிறது.

2007இல் டர்பன் உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. இந்துச் சடங்கோடு நடந்த, பதிவு செய்யாத திருமணம். விவாகரத்துக் கேட்ட மனைவிக்குக் கிடைக்கவில்லை. பதிவு செய்ய வழி இருந்தும் செய்யவில்லை என்பதுதான் நீதிமன்றம் சொன்னது. பதிவில்லாத இந்து மனைவியைக் கணவர் உயில் எழுதாமல் இறந்தபோது வாரிசாக ஏற்ற தீர்ப்பும் அதே டர்பனில் பின்னால் வந்திருக்கிறது. ஆனால் அது சொத்துரிமைக்கு மட்டும். முஸ்லிம் திருமணங்களுக்கு 2022 தீர்ப்பையும் 2024 சட்டத்திருத்தத்தையும் அடுத்து விவாகரத்துச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. பதிவு செய்யாத இந்துத் திருமணத்துக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. அப்படி வாழ்பவர்கள் பிள்ளைகளுக்கான பராமரிப்பை எப்போதும் கேட்கலாம், வன்முறைக்குப் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். சொத்தில் பங்கு வேண்டுமென்றால் கூட்டாகச் சேர்ந்து உழைத்தோம் என்று தனி வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியிருக்கும், அது கடினமான பாதை.

தமிழ்நாட்டில் கல்யாணம், ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்க்கை

இந்தியாவில் திருமணம் செய்துகொண்டு இங்கே வேலைக்கு வந்தவர்கள், இருவரில் ஒருவராவது வழக்குக்கு முன் ஒரு வருடம் இந்த நாட்டில் குடியிருந்தால், இங்கேயே வழக்குப் போடலாம். இங்கே தீர்ப்பும் கிடைக்கும். ஆனால் ஊரில் அது செல்லுமா என்பதை முதலிலேயே யோசியுங்கள். இந்தியாவின் 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் மீட்க முடியாத முறிவு ஒரு காரணமாக இல்லை. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைக் கொண்டு அந்தக் காரணத்துக்காகத் திருமணத்தை முறிக்கலாம் என்று சொன்னது. சாதாரணக் குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. வெளிநாட்டு நீதிமன்றம் இந்தியச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காகத் தந்த விவாகரத்தை, மறுதரப்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தியா ஏற்காது என்று 1991லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ஊரில் இருக்கும் மனைவிக்குத் தெரியாமல் இங்கே முடித்துவிட்டு, ஊருக்குப் போய் மறுகல்யாணம் செய்தால், பெரிய சிக்கலில் மாட்டுவீர்கள். இரண்டு பேரும் பேசி, சம்மதத்தோடு எழுத்தில் முடிப்பதுதான் பாதுகாப்பு. இரண்டு நாட்டு வக்கீலிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தீர்ப்பு வந்ததும் பலர் கோப்பை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஒரு வேலை பாக்கி இருக்கும்: உயில். விவாகரத்துக்கு முன் எழுதிய உயிலில் முன்னாள் துணைவர் பெயர் இருந்தால், விவாகரத்தான மூன்று மாதத்துக்குள் நீங்கள் இறந்தால் மட்டும்தான் சட்டம் அவரை இல்லாதவராகக் கருதும். அந்த மூன்று மாதம் தாண்டியும் உயிலை மாற்றாமல் விட்டால், பழைய உயிலில் எழுதியபடியே அவருக்குப் போய்ச்சேரும். ஆகவே நீதிமன்ற முத்திரையிட்ட தீர்ப்பின் நகலை வாங்கியதும், உயிலை மாற்றி எழுதுங்கள். அப்படியே இன்ஷூரன்ஸிலும் பென்ஷனிலும் யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.